பிரெக்சிட்: வெளியேற்றமா, விலகலா?

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை. மாலைப் பத்திரிகை ஒன்றின் செய்தி மேசையில் எனக்கு அப்போது வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று பிரிட்டனில் முந்தின நாள் நடந்த வாக்கெடுப்பின் முடிவு, லண்டனில் விடிந்தும் விடியாத நேரத்தில் தெரிந்துவிட்டது. இங்கே மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ‘ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுகிறது பிரிட்டன்’ என்று எழுதிப் பார்த்தால் தலைப்பு இரண்டு வரிக்கு ஓடியது. ‘பிரிட்டன் வெளியேற்றம்’ என்று போட்டோம். ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலம் ஒரு தொலைபேசி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வணக்கம்கூட சொல்லவில்லை, “தம்பி, பிரிட்டனை யாருப்பா வெளியேத்துனது?” என்றார்.

இலக்கணப்படி எங்களைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஏறு என்பதிலிருந்து ஏற்றம். விலையேற்றம் என்கிறோம், விலை தானாகத்தான் ஏறுகிறது. அப்படியே வெளியேறு என்பதிலிருந்து வெளியேற்றம் வரலாம். ஆனால் வழக்கு வேறு மாதிரி. கழிவுநீர் வெளியேற்றம், குடிசைவாசிகள் வெளியேற்றம், அவையிலிருந்து உறுப்பினர் வெளியேற்றம் என்று அந்தச் சொல் எங்கே வந்தாலும் பின்னால் ஒரு கை நின்று தள்ளுகிறது. அதற்குமேல் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டன், வெளியேறு என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் தமிழ்க் காதில் விழுவது 1942தான். ‘வெள்ளையனே வெளியேறு’ என்று முழங்கிய மொழியில் ‘பிரிட்டன் வெளியேற்றம்’ என்று தலைப்பிட்டால், எழுபது வருடத்துக்கு முந்தைய பேப்பரைப் படிக்கிற மாதிரிதான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பிரெக்சிட் என்ற ஆங்கிலச் சொல்லின் அண்ணனுக்கு ‘வெளியேற்றம்’ நன்றாகவே பொருந்தும். 2012 பிப்ரவரியில் சிட்டிகுரூப் வங்கியின் பொருளியலாளர்கள் ‘கிரெக்சிட்’ என்று ஒரு சொல்லைக் கட்டினார்கள். கடனில் மூழ்கிய கிரீஸ், யூரோ நாணயத்தைக் கைவிட நேரலாம் என்ற அச்சத்துக்கு வைத்த பெயர் அது. கிரீஸ் தானாகப் போகும் என்பதைவிட, தள்ளிவிடப்படும் என்ற பயமே அதில் கூடுதல். அதே அச்சில் வார்த்து மூன்று மாதம் கழித்து, மே 2012இல், பீட்டர் வில்டிங் என்பவர் பிரிட்டனையும் ‘எக்சிட்’டையும் ஒட்டி ‘பிரெக்சிட்’ என்று எழுதினார். அவர் ஐரோப்பிய ஆதரவாளர். பிரிட்டன் ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர். வேண்டாம் என்று நினைத்த காரியத்துக்குப் பெயர் வைத்த பெருமை அவருக்கு. அதே ஆண்டு ‘பிரிக்சிட்’ என்றும் சிலர் எழுதினார்கள், அது நிலைக்கவில்லை. 2016 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு அகராதி பிரெக்சிட்டைச் சேர்த்துக்கொண்டது. பிறந்து நான்கரை வருடத்தில் அகராதி ஏறுவது எல்லாச் சொல்லுக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டாவது பாதியான ‘எக்சிட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘வெளியே போகிறார்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கில நாடகப் பிரதிகளில், பாத்திரம் மேடையை விட்டுப் போகும் இடத்தில் குறிக்கும் சொல் அது. மேடையில் போனவர் அடுத்த காட்சியில் திரும்பி வரலாம் என்பது வேறு விஷயம்.

முதல் பாதியில்தான் உண்மையான கோளாறு. விலகியது ஐக்கிய இராச்சியம். சொல்லில் இருப்பதோ பிரிட்டன் மட்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் இருக்கும் தீவு அது. வட அயர்லாந்து இருப்பது பக்கத்துத் தீவில். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நிலஎல்லையை அயர்லாந்துக் குடியரசோடு பகிர்கிற அந்த வட்டாரம், பெயர் வைத்த அன்றே விடுபட்டுப்போனது. பிறகு பேச்சுவார்த்தை மேசையில் ஆண்டுக்கணக்கில் எல்லோரையும் அலைக்கழித்தது அதே எல்லைதான். 1998 சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு சோதனைச்சாவடி இல்லாமல் கிடந்த எல்லையில் மறுபடி சாவடி போடுவதா, வேண்டாமா? 2023இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட ‘வின்ட்சர் கட்டமைப்பு’ என்ற உடன்பாடு வரை இழுத்துக்கொண்டு போனது அந்தக் கேள்வி.

வாக்குச்சீட்டில் ‘பிரெக்சிட்’ கிடையாது. முதலில் எழுதிய வரைவில் ‘உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்தார்கள். ‘ஆம்’ என்ற சொல்லே ஒரு பக்கம் இழுக்கும் என்று 2015 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் சொன்னது. அதனால் நீடிப்பதா, விலகுவதா என்று இரண்டையும் கேள்வியிலேயே சமமாக வைத்தார்கள். வேல்ஸில் சீட்டு இருமொழியில் இருந்தது. வெல்ஷ் மொழியில் நீடிப்பதற்கு ‘அரோஸ்’, விலகுவதற்கு ‘கடாயல்’. நாலு வருடமாகப் பேப்பர்காரர்கள் உருட்டிக்கொண்டிருந்த ஒட்டுச்சொல்லை ஒதுக்கிவிட்டு இரண்டு சாதாரண வினைச்சொற்களைச் சீட்டில் அச்சிட்டார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளன் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது.

சரி, விலகல் என்று யார் சொன்னார்கள்? 51.9 சதவீதம் விலகல், 48.1 நீடிப்பு. இந்த இரண்டு எண்களோடு நின்றால் சொல்லின் பொருள் பிடிபடாது. யார் வாயில் வருகிறதோ அவருக்கேற்ப அந்தச் சொல் பொருள் மாறுகிறது.

வட்டாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது மட்டுமே எண்ணிப் பார்த்த கணக்கு. வாக்கு ரகசியம் என்பதால் வயதும் பாலினமும் கருத்துக்கணிப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டவை. இங்கிலாந்து 53.4 சதவீதம், வேல்ஸ் 52.5 சதவீதம் விலகலுக்கு. ஸ்காட்லாந்து 62 சதவீதம், வட அயர்லாந்து 55.8 சதவீதம் நீடிப்புக்கு. ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட மாறிப் போடவில்லை. ஆகவே ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் பிரெக்சிட் என்றால் ‘எங்களைக் கேட்காமல் நடந்தது’ என்று பொருள். இங்கிலாந்தில், லிங்கன்ஷைரின் பாஸ்டன் நகரில் 75.6 சதவீதம் விலகல். காய்கறி வயல்களுக்கும் பொதி கட்டும் கொட்டகைகளுக்கும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்த ஊர் அது. அங்கே அதே சொல்லுக்கு ‘வருகிறவர்களை நாமே கட்டுப்படுத்துவது’ என்று பொருள்.

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலும் சண்டர்லாண்டும் எனக்கு இன்னும் ஆச்சரியம். இருபது கிலோமீட்டர் இடைவெளி, ஒரே மெட்ரோ ரயில் இரண்டையும் இணைக்கிறது. நியூகாசில் 50.7 சதவீதத்தில் மயிரிழையில் நீடிப்பு. சிறிது நேரத்தில் சண்டர்லாண்ட் முடிவு வந்தது, 61.3 சதவீதம் விலகல். பவுண்டு அந்த நிமிடமே சரியத் தொடங்கியது. சண்டர்லாண்டில் நிசான் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராகும் கார்கள் பெருமளவு ஐரோப்பாவுக்குத்தான் போகின்றன. வயிற்றைப் பார்த்து ஓட்டுப் போட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பார்கள். ஆனால் அந்த ஊரின் கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988இல் மூடப்பட்டது, கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993இல். கார் தொழிற்சாலை கொடுத்த வேலையைவிட, போன மரியாதை பெரிதாகத் தெரிந்திருக்கலாம்.

லண்டன் 59.9 சதவீதம் நீடிப்பு. அதற்குள்ளும் கோடு விழுந்திருக்கிறது. நம்மவர்கள் நிறைய வாழும் ஹரோவில் 54.6 சதவீதம் நீடிப்பு, ஒட்டியிருக்கும் ஹில்லிங்டனில் 56.4 சதவீதம் விலகல். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் நீடிப்பு, பக்கத்து பார்க்கிங்-டேகன்ஹாம் விலகல். இன்னொன்று பலருக்குத் தெரியாது. காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனில் வசித்தால் வாக்களிக்கலாம். சென்னையிலிருந்து மேற்படிப்புக்குப் போன மாணவருக்கு அந்த உரிமை இருந்தது. இருபது வருடம் லண்டனில் வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கு இல்லை.

வயதில் பிளவு இன்னும் கூர்மை. வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கணிப்பில், 18 முதல் 24 வயதுக்காரர்களில் 73 சதவீதம் நீடிப்பு. 65க்கு மேல் 60 சதவீதம் விலகல். மற்ற நிறுவனங்களின் எண்கள் சற்று ஏறி இறங்கினாலும் சாய்வு ஒன்றே. இளைஞர்களுக்குப் பிரெக்சிட் என்றால் பறிபோன ஒன்று: பெர்லினில் படிப்பு, பார்சிலோனாவில் வேலை. தாத்தா பாட்டிக்கு அது திரும்பக் கிடைத்த ஒன்று. ஆனால் இந்தத் தாத்தாக்கள் யார்? 1975 ஜூனில் இதே போன்ற வாக்கெடுப்பு நடந்தபோது 67.2 சதவீதம் பேர் ‘இருப்போம்’ என்றார்கள். அன்று இருபது வயதில் இருந்தவருக்கு 2016இல் அறுபத்தொன்று. முதுமை வந்தாலே விலகச் சொல்லும் என்று யாராவது எழுதினால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் அன்று வாக்களித்தது ஒரு பொதுச் சந்தைக்கு. நாற்பது வருடத்தில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. வட்டாரமும் அப்படித்தான் புரண்டது: 1975இல் இங்கிலாந்துதான் அதிக உற்சாகம், ஸ்காட்லாந்து அதற்குப் பின்னால்.

2016இல் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்கு வாக்கு இல்லை. ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று கேட்ட 2014 வாக்கெடுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கோபம் இன்றும் ஆறவில்லை.

பாலினம் பற்றி நிறைய எழுதப்பட்டாலும் விஷயம் குறைவு. ஆஷ்கிராஃப்ட் கணிப்பில் ஆண்களும் பெண்களும் ஒரே அளவு, 52 சதவீதம் விலகல். இப்சோஸ் மோரி என்ற கணிப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்களில் 55, பெண்களில் 49. வயது பிளக்கிற அளவில் கால்வாசிகூட இல்லை. ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பதில் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக வந்தது. ஆனால் சொல்லளவில் பாலினம் உண்டு. விலகல் ஆதரவாளர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘பிரெக்சிட்டியர்’. புக்கனீர் (கடற்கொள்ளையன்), மஸ்கட்டியர் (துப்பாக்கி வீரன்) போன்ற ஆங்கிலச் சொற்களின் விகுதியை அதில் ஒட்டியிருக்கிறார்கள். கேட்டாலே மீசை முறுக்குவது தெரியும். அதே ஆளைச் சப்பென்று ‘பிரெக்சிட்டர்’ என்றும் எழுதினார்கள். விலகல் தரப்பார் நீடிப்பு ஆதரவாளரை, ‘ரிமெய்னர்’ என்பதில் முனகலைச் செருகி ‘ரிமோனர்’ ஆக்கினார்கள். நம் ஊரில் என்றால் ‘புலம்பல் கோஷ்டி’.

இப்போது தமிழுக்கு வருகிறேன். ஒலிபெயர்ப்பில் தமிழ்நாட்டில் பிரெக்சிட், பிரெக்ஸிட் இரண்டும் ஓடுகின்றன. இலங்கை வழக்கில் பிரெக்சிற். எதுவும் தவறில்லை. பிரதமர் தெரசா மே ‘பிரெக்சிட் என்றால் பிரெக்சிட்தான்’ என்று 2016இல் சொன்னாரே, அந்த மாதிரி இடத்தில் ஒலிபெயர்ப்புத்தான் வேண்டும். சொல்லின் பொருளே சண்டையாக இருந்த காலம் அது, நாம் முந்திக்கொண்டு பொருள் சொல்லக்கூடாது.

பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் என் தேர்வு ‘விலகல்’. கட்சியிலிருந்து விலகினார், வழக்கிலிருந்து விலகினார், கூட்டணியிலிருந்து விலகியது என்கிறோம். உறுப்பினராக இருந்தவர் தம் முடிவால் உறவை விடுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை இதுதான். ‘பிரிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். பிரிட்டன் என்பதிலேயே ‘பிரி’ இருக்கிறது என்ற சிலேடை ஆசை புரிகிறது. ஆனால் பிரிதலை ஸ்காட்லாந்துக்கு விட்டுவைக்க வேண்டும். ஐக்கிய இராச்சியம் என்ற ஒரே உடம்பிலிருந்து அது போனால் பிரிதல். ஒன்றியத்தின் உறுப்பு நாடு போனால் விலகல். ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும். அதைவிட முக்கியம், பிரிவு என்று தொடங்கினால் ஆதரவாளர் ‘பிரிவினைவாதி’ ஆகிவிடுவார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இருக்கிற சுமையை லிங்கன்ஷைர் விவசாயி தலையில் ஏற்ற வேண்டாம். விலகலாளர், நீடிப்பாளர் என்பவை யாரையும் குத்தாது.

விலகலுக்கு இன்னொரு வசதி, அடை எடுத்துக்கொள்ளும். ஒன்றியச் சந்தையில் ஒட்டிக்கொண்டே போவது மென்விலகல், முற்றாக அறுத்துக்கொண்டு போவது வன்விலகல். வல்லினம் மெல்லினம் படித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிந்தைய ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘விலகியது தவறு’ என்கிறார்கள். அந்த மனநிலைக்கு ஆங்கிலத்தில் ‘பிரெக்ரெட்’ என்று பெயர்; விலகல் வருத்தம் என்றால் போதும். மறுபடி சேர வேண்டும் என்கிறவர்களின் கோரிக்கை மீள்சேர்வு. முழுப்பெயர் தேவைப்படும் அலுவல் எழுத்தில் ‘ஐக்கிய இராச்சியத்தின் ஒன்றிய விலகல்’ என்று எழுதினால் வட அயர்லாந்தும் உள்ளே வந்துவிடும்.

அன்று அந்தத் தமிழாசிரியரிடம், இடம் போதவில்லை ஐயா என்று சமாளித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். வெளியேற்றம் ஆறு எழுத்து, விலகல் நாலு.