பெட்டியில் அச்சிட்ட எண்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று கணினிகள், மூன்றும் ஆமை வேகம். "மூணையும் மாத்திடலாம்னு இருக்கோம் சார். லேட்டஸ்ட் பிராசஸர் எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் உரிமையாளர்.

நான் பதில் சொல்லாமல், அங்கே வேலை செய்பவரை வழக்கம்போல வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒரு வாடிக்கையாளரின் கோப்பைத் திறந்தார். பிராசஸர் 9 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. அவர் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார்.

ஹார்டு டிஸ்க் என்பது சுற்றும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். படிக்கும் முனை சரியான வட்டத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை எடுக்கச் சொன்னால், ஒரு விநாடிக்கு நூறு தடவை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்துவிடும். மூன்று கணினிகளுக்கும் எஸ்எஸ்டி மாற்றி, ராம் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான். பழைய பிராசஸரே போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு அதே யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அதை ஏற்காத கணினியில் வங்கி வேலையும் வரிக் கணக்கும் பார்க்கிறீர்கள் என்றால், எஸ்எஸ்டி போட்டு அதன் ஆயுளை நீட்டுவதில் அர்த்தமில்லை. மாற்றிவிடுங்கள்.

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கணினி, நெட்வொர்க், கேமரா அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் ஓர் எண்ணைப் பற்றியே இருக்கும்: எத்தனை டெராபைட், எத்தனை எம்பிபிஎஸ், யூபிஎஸ் என்றால் எத்தனை விஏ (வோல்ட்-ஆம்பியர்). பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணில் பெரும்பாலும் பொய் கிடையாது. அது எந்த நிலைமையில் அளந்தது, நம் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேமராவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் மாதக் கடைசியில் சரக்கைச் சரிபார்த்தபோது இருப்பு குறைந்திருந்தது. மாதத் தொடக்கத்தில் எடுத்த கணக்கு சரியாக இருந்ததால், நடுவில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். சிசிடிவி இருக்கிறதே என்று நம்பிக்கையோடு என்னைக் கூப்பிட்டார். ரெக்கார்டரில் கடைசி 11 நாள்தான் இருந்தது. அதற்கு முந்தையதை எல்லாம் அது தானாகவே அழித்து மேலே எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. "ஒரு டெராபைட் போட்டிருக்கேனே சார்!" என்றார்.

கணக்கு எளிதானது. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 86,400 விநாடி. பெருக்கி, பிட்டை பைட்டாக்க எட்டால் வகுத்தால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. ஒரு டெராபைட்டை இதனால் வகுத்தால் பதினொன்றரை நாள். மாதம் ஒருமுறை சரக்கு எண்ணுபவருக்கு 30 நாள் பதிவாவது கையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் சுமார் 2.6 டெராபைட், 3 அல்லது 4 டெராபைட் டிஸ்க் வாங்க வேண்டும். அதனால் கேமரா போடச் சொல்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை இருப்பைச் சரிபார்க்கிறீர்கள் என்பதுதான். என்னைக் கணக்குப்பிள்ளையோ என்று பார்க்கிறார்கள்.

(ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினால் விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. சரக்கு குறையவில்லை.)

கேமராவைப் பற்றி இன்னொன்று. அதோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்துத்தான் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது.

அப்புறம் வைஃபை. 300 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் அது மெகாபிட். கோப்பு இறங்கும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 37.5 மெகாபைட். உள் அறையில் இணையம் இழுக்கிறது என்றதும் பலரும் திட்டத்தைக் கூட்டுகிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு உள் அறையில் பாருங்கள். கேபிளில் முழு வேகமும் வருகிறது, அறையில் வரவில்லை என்றால் நடுவில் நிற்பது சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே அலையில் நெரிசலாக நிற்கும். ரூட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே உயரத்தில் வைத்ததிலேயே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. கடையில் பில் போடும் கணினிக்கு வைஃபையே வேண்டாம். கேபிள் இழுத்துவிடுங்கள்.

பிரிண்டரில் பெட்டி சொல்லும் எண், ஒரு கார்ட்ரிட்ஜில் எத்தனை பக்கம் என்பது. தாளின் பரப்பில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் மை நிரப்பும் என்ற கணக்கில் வருவது அது. உங்கள் பில்லில் மேலே அடர்த்தியான பட்டையும் லோகோவும் சேர்ந்து 15 சதவீதம் வந்தால், டோனர் மூன்றில் ஒரு பங்கு பக்கத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டில் கதை வேறு. மாதத்துக்கு இரண்டே தாள் எடுக்கும் வீட்டில் இன்க்ஜெட்டின் நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதற்கே பிரிண்டர் மையைச் செலவழிக்கும். குறைவாக அச்சிடுபவருக்குக் கறுப்பு வெள்ளை லேசர்தான் என் சிபாரிசு. டோனர் என்பது பொடி, அது காயாது. கலர் படம் வேண்டுமென்றால் வெளியே கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

லேசர் வாங்கியதும் பலர் செய்யும் தவறு, அதை யூபிஎஸ்ஸில் செருகுவது. அந்தப் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்காக உள்ளே ஒரு உருளை கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. அது சூடேறும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். சில பிரிண்டர்கள் ஆயிரத்தையும் தாண்டும். சின்ன யூபிஎஸ் பெட்டியில் 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். தாங்கக்கூடியது அவ்வளவுதான். ஒரு அலுவலகத்தில் பிரிண்ட் கொடுத்தால் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணைந்துவிடும். "பிரிண்டர் வைரஸ்" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பிரிண்டரின் பிளக்கைக் கழற்றிச் சுவரில் செருகினேன். அன்றோடு வைரஸ் போயிற்று.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் பெட்டியில் பதில் இருக்காது. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கேட்க வேண்டும். சின்ன யூபிஎஸ்ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட் இழுக்கும் கணினிக்கு ஏட்டுக் கணக்கில் அரை மணி நேரம் வர வேண்டும். வராது. இவ்வளவு வேகமாக இழுத்தால் இந்த வகை பேட்டரி தன் முழுக் கொள்ளளவைக் கொடுக்காது. பத்து நிமிடத்தை நம்பி, வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை அணையுங்கள். அதே யூபிஎஸ்ஸில் ரூட்டரையும் மோடத்தையும் மட்டும் செருகினால் மணிக்கணக்கில் ஓடும். அவை கேட்பது பத்து இருபது வாட்தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியில் விட்டுவிட்டு, யூபிஎஸ்ஸை ரூட்டருக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்த பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். சூடான இடத்தில் வைத்தால் அதுவும் குறையும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. செத்துப்போன பேட்டரியோடும் யூபிஎஸ் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருக்கக்கூடும், மின்சாரம் போகும்வரை. அதனால் நான் மாட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு யூபிஎஸ்ஸின் முகப்பிலும், பேட்டரி போட்ட மாதத்தையும் வருடத்தையும் தடித்த மார்க்கரில் எழுதிவிடுவேன். புதுப் பொருளில் கிறுக்குகிறீர்களே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மூன்று வருடம் கழித்து அதைப் படித்துச் சொல்லி போனும் செய்வார்கள்.