பொருத்தும்போதே கெட்டுப்போகும் ஷாக் அப்சார்பர்

பெயர் என்னவாக இருந்தாலும், பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது ஷாக் அப்சார்பர் அன்று, காயில் ஸ்பிரிங்தான். அமுங்கிய ஸ்பிரிங் தான் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தள்ளும். அதை அடக்க ஒன்றும் இல்லையென்றால், வேகத்தடையைத் தாண்டிய கார் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை வீதம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். ஷாக் அப்சார்பருக்குள், எண்ணெய் நிரம்பிய குழாயில் நகரும் பிஸ்டனின் வால்வுகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது, அந்த ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் வெகுநேரம் ஓடி நின்ற காரில் அதைத் தொட்டுப் பார்த்தாலே இது விளங்கும்.

சாதாரணக் கார்களில் பெரும்பாலும் இருப்பது இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் இயங்க, வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் அதன் மேல் வாயுவும் இருக்கும். கிடங்கில் படுத்துக் கிடந்த புதிய ஷாக்கில் அந்த வாயு உள்குழாய்க்குள் நுழைந்திருக்கக்கூடும். அதை நிமிர்த்திப் பிடித்து, பிஸ்டனோடு இணைந்து வெளியே நீண்டிருக்கும் தண்டான ராடை அழுத்தினால், முதல் அழுத்தத்தில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் கை ‘தொபுக்’கென்று இறங்கும்; வாயு எளிதில் அமுங்கும், எண்ணெய் அப்படி அமுங்காது என்பதே காரணம். நிமிர்ந்த நிலையிலேயே நாலைந்து முறை முழுவதும் இழுத்து அழுத்தினால் வாயு வெளியேறி, எதிர்ப்பு சீராகிவிடும். ஒரு நிமிட வேலைதான். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

இன்றைய கார்களின் முன்பக்கத்தில் பரவலாகக் காணப்படும் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் அமைப்பு, 1950-இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரிலேயே இடம்பெற்றது. இதில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமர்ந்திருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கிய பிறகும் அந்த ஸ்பிரிங் அமுங்கியே இருப்பதால், ஸ்பிரிங் கம்ப்ரெஸரால் அதை இறுக்கிப் பிடிக்காமல் உச்சி நட்டைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. அந்த நட்டைத் திருப்பும்போது ராடும் சேர்ந்து சுற்றும். அப்போது பளபளக்கும் ராடைப் பிளையரால் கவ்வுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்: அதில் விழும் கீறல், ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ‘ஆயில் சீல்’ என்பதை அறுத்து, புதிய ஷாக்கைச் சீக்கிரமே எண்ணெய் ஒழுக வைத்துவிடும். ராடைப் பிடித்துக்கொள்வதற்கென்றே அதன் நுனியில் தட்டையாக்கிய பக்கங்களோ அறுகோணக் குழியோ இருக்கும்.

இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் சாய்வு மாறக்கூடும் என்பதால் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

ரப்பர் புஷ் (உலோக வளையங்களுக்கு நடுவே ரப்பர் வைத்த இணைப்பு) உள்ள போல்ட்டுகளை மட்டும் கார் தூக்கிய நிலையில் முழுவதும் முறுக்கக்கூடாது. முறுக்கியவுடன் புஷ்ஷின் உள்வளையம் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடுவதால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, நிற்கும்போதுகூட அதே இழுப்பில் இருந்து விரைவில் கிழியும். எனவே அவற்றை முதலில் தளர்வாக மாட்டி, சக்கரங்கள் தரையில் நின்று காரின் எடையைத் தாங்கிய பிறகே, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும்.