துணியில விழுந்த வேப்பம்பூ

பங்குனி பொறந்தா போதும், எங்க தண்டையார்பேட்டை வீட்டு ஆயா பழைய வாயில் புடவை ஒன்னு எடுத்துட்டுப் போய் சந்து முனை வேப்பமரத்துக்கு அடியில விரிச்சு நாலு மூலையிலயும் செங்கல் வெச்சுட்டு வந்துரும். ராத்திரி முழுக்க பூ விழும். காலையில அப்படியே சுருட்டி எடுத்து முறத்துல கொட்டி புடைச்சு, மொட்டை மாடியில ரெண்டு நாள் காய வெச்சா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வரைக்கும் தேறும், வருஷப் பொறப்பு பச்சடிக்கும் அதான், வயிறு சரியில்லாதப்ப வைக்கிற ரசத்துக்கும் அதான். கிளைய ஒடிச்சு உருவினா அஞ்சு நிமிஷத்துல பாட்டில் ரொம்பிடுமே ஆயான்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "மரத்துல இருக்கறது மரத்துக்குடா கண்ணு, கீழ வுழுந்தது தான் நமக்கு"ன்னு சொல்லிட்டு அது வேலைய பாக்க போயிடும்.

இந்தப் பேச்சுக்குள்ள எவ்வளவு தாவரவியல் இருக்குன்னு எனக்கு புரிஞ்சது போன வருஷம் தான். சௌகார்பேட்டையில நகைக்காரங்க கண்ணுல வெச்சுக்குற மாதிரி சின்ன லென்ஸ் ஒன்னு வாங்கினேன், பத்து மடங்கு பெருசா காட்டும், அதை எடுத்துட்டு நேரா அந்த புடவைகிட்ட தான் போனேன்.

ஒரு வேப்பம்பூ அகலம் 1 சென்டிமீட்டர் கூட சரியா வராது. வெறும் கண்ணுக்கு வெள்ளையா ஏதோ தூசு மாதிரி தான் தெரியும். லென்ஸ்ல பாத்தா அஞ்சு இதழ், பின்பக்கமா லேசா வளைஞ்சு நிக்குது, நடுவுல வெள்ளையா ஒரு குழாய். அந்த குழாய் தான் பூவோட முக்கியமான சமாச்சாரம். செம்பருத்தியில மகரந்தத் தாள், அதாவது பூவோட ஆண் பாகம், எல்லாம் ஒரு தண்டுல ஒட்டிக்கிட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்ல, வேம்புல அது ஒன்னோட ஒன்னு ஒட்டி ஒரு சின்ன டம்ளர் மாதிரி ஆயிடுச்சு, டம்ளரோட வாய் ஓரத்துல உள்பக்கமா பத்து மகரந்தப் பை சுத்தி உக்காந்திருக்கு. தேன் வேணும்னா பூச்சி அந்த வாய் வழியா தான் மூஞ்சிய உள்ள விடணும், விட்டா மகரந்தம் ஒட்டாம வெளிய வர முடியாது. அவ்வளவு துல்லியமான வேலை, அரிசி நீளத்துல!

ஒரு கொத்துல இந்த மாதிரி 150ல இருந்து 250 பூ வரைக்கும் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சாலும் ஒரே ரகம் கிடையாது. சிலது ஆண் பூ மட்டும், மகரந்தம் குடுக்கறதோட அதோட வேலை முடிஞ்சுது. சிலதுல ஆண் பெண் ரெண்டு பாகமும் வேலை செய்யும், அதுலயும் முதல்ல மகரந்தம் தயாராகும், அப்புறம் தான் சூலக முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கற பெண் பாகத்தோட நுனி, தயாராகும், அதனால ஒரு பூ தன்னோட மகரந்தத்தையே தான் வாங்கிக்கறது குறையும். பெருசா ஒரே ஒரு பூவுக்கு செலவு பண்றதுக்கு பதிலா சின்ன சின்னதா ஆயிரக்கணக்குல விட்டு, எந்த பூச்சி வந்தாலும் சரின்னு கதவைத் திறந்து வெச்சிருக்கு மரம். கலர்ல செலவு பண்ணல, வாசனையில பண்ணுது. சாயங்காலம் மீன் வாடையும் லாரி புகையும் கலந்து வர்ற எங்க தெருவுலயே, எட்டு மணிக்கு மேல காத்து திரும்பினா தேன் மாதிரி ஒரு வாசனை வரும் பாருங்க, அது வேம்பு தான், பல பேர் அது என்னன்னே தெரியாம அதுல நடந்து போறாங்க. மங்கின வெளிச்சத்துல செவப்பு முதல்ல கருத்துப் போயிடும், வெள்ளை தான் கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியும், அந்த கணக்கும் சேத்துக்கோங்க.

இதெல்லாம் ஒரு பூவான்னு கேக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். பாண்டியன் தலையில சூடின அடையாளப் பூ வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்தி, சேரனுக்கு பனம்பூ. மூணு ராஜாவுக்கும் மூணு மரப் பூ, மூணுல எதுவும் பூக்கடையில கிடைக்காது.

மாம்பூ தை மாசி வாக்குலயே முந்திக்கும். ஒரு கொத்துல நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல பூ இருக்கும், ஆனா நூத்துக்கு ஒன்னு கூட பழமா நிக்காது. ஒவ்வொரு பூவுலயும் பொதுவா ஒரே ஒரு மகரந்தத் தாள் தான் வேலை செய்யும், மத்ததெல்லாம் குட்டையா பேருக்கு நிக்கும். அதுக்கு வர்றது யாருன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஈ தான். எங்க பக்கத்து வீட்டுல மாமரம் பூக்கறப்ப ஈ மொய்க்குதுன்னு மருந்து அடிச்சாங்க, எனக்கு மனசே ஆறல, அந்த ஈங்க தான் மாங்காய்க்கு வழி பண்றதுன்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க. முருங்கைக்கு வேற ஆள். காஞ்ச கட்டையில ஓட்டை போட்டு குடியிருக்குற பெரிய கருவண்டு இருக்குல்ல, உர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு வரும், முருங்கைப்பூவுல தொங்கிக்கிட்டு தேன் எடுக்கறதுக்கு ஏத்த பலமும் வெயிட்டும் அதுக்கு தான் இருக்கு. வண்டை விரட்டினா காய் குறையும்.

நாவல் பூ மொட்டா இருக்கறப்ப இதழெல்லாம் சேந்து தொப்பி மாதிரி மூடியிருக்கும், பூக்கறப்ப தொப்பி கழண்டு விழுந்துடும், மிச்சம் நிக்கறது வெள்ளை பிரஷ் மாதிரி மகரந்தத் தாள் தான். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிறைய இருக்குற பூவரசு காலையில மஞ்சளா விரிஞ்சு, வாடறப்ப செவந்து போயிடும்.

விழவே விழாத பூவும் ஒன்னு இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு யாராவது வீட்டுக்கு வந்தா "என்னப்பா அத்தி பூத்த மாதிரி"ன்னு கேக்கறோம், ஆனா அத்தி பூக்காம இல்ல, நமக்கு தெரியல அவ்வளவு தான். நாம அத்திக்காய்னு சொல்றதே ஒரு மூடின பை, அதுக்குள்ள சுவர் பூரா பூ. அரசு, ஆலமரம் எல்லாம் இதே குடும்பம், ராயபுரத்துல பழைய கட்டட சுவர் வெடிப்புல பறவை எச்சத்துல மொளைச்சு நிக்குற அரசு உட்பட. எறும்பை விட சின்னதா ஒரு பெண் குளவி, காய் நுனியில இருக்குற ஊசித் துளை வழியா உள்ள நுழையும், நுழையறப்பவே பெரும்பாலும் றெக்கை பிஞ்சு போயிடும், திரும்ப வெளிய வர்ற எண்ணமே கிடையாது. கொண்டு வந்த மகரந்தத்தை உள்ள இருக்குற பூவுல சேத்துட்டு, சில பூவுல முட்டை வெச்சுட்டு அங்கயே செத்துப் போயிடும். அதோட பிள்ளைங்கள்ல ஆணுக்கு றெக்கையே கிடையாது, இணை சேந்துட்டு வெளிய போக வழி துளைச்சு குடுக்கும், பெண் குளவிங்க புது மகரந்தத்தோட அந்த வழியா பறந்து போய் அடுத்த காய தேடும். அரசுக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேற குளவி, ஒன்னு இன்னொன்னோட வேலைய செய்யாது.

இப்ப கீழ விழுந்த பூவுக்கு வர்றேன். அதுக்கு பழைய தமிழ்ல தனியா பேரே இருக்கு, வீ. திருவொற்றியூர் கோயிலுக்கு தல விருட்சம் மகிழ மரம், மகிழம்பூவ கையில எடுத்துப் பாருங்க, நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், ஊசி இல்லாமலே நூல்ல கோத்துடலாம். அந்த ஓட்டை இருந்த இடத்துல தான் சூலகம் இருந்துச்சு. இதழும் மகரந்தமும் ஒரே வளையமா கழண்டு கீழ வந்துடுச்சு, காய் ஆக வேண்டியது மேலயே நின்னுடுச்சு.

வேப்பம்பூவுலயும் அதே கதைய படிக்கலாம். ஆயா புடவையில நான் ரெண்டு குவியலா பிரிச்சுப் பாத்தேன். ஒன்னு, காம்போட முழுசா விழுந்த பூ, ஆண் பூவும் காய் பிடிக்காத பூவும் தான் அப்படி விழும். இன்னொன்னு, வெறும் இதழும் குழாயும் மட்டும், நடுவுல ஒன்னும் இல்ல, அதோட சூலகம் மரத்துல பச்சையா மிளகை விட சின்னதா உக்காந்திருக்கு, ஆனி ஆடியில மஞ்சளா பழுத்து காக்காவும் குயிலும் வந்து திங்கும். ஆக பச்சடிக்கு வந்த பூ எல்லாம் மரம் வேலை முடிச்சு விட்டது. கிளைய ஒடிச்சிருந்தா அந்த பச்சை மணியும் சேந்து பாட்டிலுக்குள்ள போயிருக்கும். ஆயாகிட்ட லென்ஸ குடுத்து காட்டினேன், ரொம்ப நேரம் ஒரு கண்ணை மூடிக்கிட்டு பாத்துச்சு, அப்புறம் ரெண்டு குவியலையும் ஒன்னா சேத்து முறத்துல போட்டு புடைக்க ஆரம்பிச்சுது.