கில்காமேஷை ஒட்டவைப்பது எப்படி?

கி.மு. 612-ல் பாபிலோனியரும் மீடியரும் சேர்ந்து, இன்றைய வடக்கு இராக்கில் இருந்த அசீரியத் தலைநகர் நினிவேயைத் தீக்கிரையாக்கினார்கள். அசீரிய மன்னன் அசூர்பனிபால் ஊர் ஊராக ஆளனுப்பிச் சேர்த்த நூலகமும் அந்தத் தீயில் சிக்கியது. மெழுகு பூசிய மரப்பலகைகள் சாம்பலாயின. களிமண் பலகைகளுக்கு நேர்ந்தது வேறு. வெயிலில் உலர்த்திய பலகை தண்ணீரில் ஊறினால் மறுபடி சேறுதான். ஆனால் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது, மண்ணின் தாதுக்களுக்குள் வேதிப்பிணைப்பில் இருக்கும் நீர் வெளியேறிவிடும். அதன்பின் அது மண் அல்ல, ஓடு. நினிவேயின் பல பலகைகள் இப்படித்தான் எதிரி வைத்த தீயில் சுடப்பட்டு நிலைத்தன. கூடவே, மாளிகை இடிந்து விழுந்ததில் நொறுங்கியும் போயின.

அந்த நொறுங்கல்களுக்குள் இருந்தது கில்காமேஷ் காவியம். தெற்கு இராக்கில் இருந்த உரூக் நகரத்து அரசன் கில்காமேஷ். குடிகளை வாட்டும் அவனுக்கு ஈடுகொடுக்கத் தேவர்கள் என்கிடுவைப் படைக்கிறார்கள். மல்லுக்கு நின்றவர்கள் நண்பர்களாகி, தேவதாரு வனத்தின் காவலன் ஹும்பாபாவைக் கொல்கிறார்கள். தேவர்கள் அனுப்பிய வான்காளையையும் கொல்கிறார்கள். அதற்குத் தண்டனையாக என்கிடு நோயில் விழுந்து சாகிறான். தனக்கும் இதே கதிதான் என்று நடுங்கிய அரசன், சாவாமை பெற்ற மனிதன் உட்னபிஷ்டிமைத் தேடி உலகின் விளிம்புவரை போகிறான். இளமை தரும் செடி கையில் கிடைத்தும் பாம்பு கொண்டுபோய்விடுகிறது. வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான்.

மோசுலில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் 1853-ல் நினிவேயின் வடக்கு அரண்மனையைக் கண்டுபிடித்தார். இதிலும் முந்தைய அகழ்வுகளிலுமாக லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை சுமார் 30,000 துண்டுகள். கடிதம், மருந்துக் குறிப்பு, சகுன நூல், மந்திரம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. இதில் எந்தத் துண்டு எந்தப் பலகையைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சாட்சி பலகையின் உடல்தான். முன்பக்கம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும், பின்பக்கம் சற்றே புடைத்திருக்கும். நடுவில் தடிமன் அதிகம், ஓரத்தில் குறைவு. அதனால் ஒரு துண்டின் தடிமனும் வளைவும், அது எந்தப் பக்கத்தில் எவ்வளவு உள்ளே இருந்தது என்பதைக் காட்டிவிடும். நாம் தாளைப் பக்கவாட்டில் திருப்புகிறோம். பலகை எழுதியவர்கள் மேலே தைத்த குறிப்பேட்டைப் போல, கீழ்விளிம்பை அச்சாக வைத்துத் திருப்பினார்கள். முன்பக்கத்தில் பத்திகள் இடமிருந்து வலமாகப் போகும். பின்பக்கத்தில் வலமிருந்து இடமாக. ஆகவே ஒரு சில்லின் இரு பக்கமும் படிக்க முடிந்தால், இடையில் ஏறத்தாழ எத்தனை வரிகள் தொலைந்தன என்று கணக்கிட முடியும். கில்காமேஷ் பலகையில் பக்கத்துக்கு மூன்று பத்திகள் என்பதால் இந்தக் கணக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

இந்தப் பலகைகளில் உள்ள ஆப்பெழுத்து மையால் எழுதப்படுவதில்லை. ஈரமண்ணில் நாணல் முனையை அழுத்தி உண்டாக்கும் பள்ளங்கள் அவை. நேர்வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஆய்வாளர்கள் துண்டைக் கையில் வைத்து ஓயாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்த சாட்சி எழுதியவர் வைத்த குறிப்பு. பலகையின் முடிவில் நூலின் பெயர், இது எத்தனையாவது பலகை, அடுத்த பலகையின் முதல் வரி என்ன என்பதெல்லாம் எழுதி, நினிவேயில் கூடவே 'அசூர்பனிபாலின் அரண்மனை' என்றும் பொறித்தார்கள். காவியத்துக்குப் பன்னிரண்டு பலகைகள் என்பதும் அவற்றின் வரிசையும் இப்படித்தான் உறுதியாயின.

இவற்றைவிட வலுவானது பிரதிகளின் எண்ணிக்கை. ஒரே காவியத்தை நினிவேயிலேயே பல முறை படியெடுத்திருந்தார்கள். பாபிலோனிலும் உரூக்கிலும் மாணவர்கள் பயிற்சிக்காகத் துணுக்குத் துணுக்காக எழுதினார்கள். ஒரு பிரதியில் உடைந்த வரி இன்னொன்றில் முழுதாக இருக்கும். உலகத்தைச் சுற்றியும் சாவாமை கிடைக்காத அரசன், ஈரமண்ணில் கைபழகிய பிள்ளைகளின் பாடப்பயிற்சியில் பிழைத்திருக்கிறான். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது அதுதான்.

காவியத்தின் நடையும் உதவுகிறது. பத்தாம் பலகையில் கில்காமேஷ் தன் துக்கத்தை மதுக்கடைக்காரி சிதுரியிடம் சொல்கிறான், படகோட்டி ஊர்ஷனாபியிடம் சொல்கிறான், உட்னபிஷ்டிமிடமும் சொல்கிறான்: நான் நேசித்த நண்பன் என்கிடுவை மண்ணுக்கு விதி கொண்டுபோயிற்று, ஆறு பகல் ஏழு இரவு அவனுக்காக அழுதேன், மூக்கிலிருந்து புழு விழும்வரை புதைக்க விடவில்லை. மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே சொற்கள். துக்கத்தில் இருப்பவர் வருகிறவரிடமெல்லாம் அதையே சொல்வது இயல்புதானே. அந்தத் திரும்பச் சொல்லல்தான் ஓரிடத்தில் சிதைந்த வரியை மற்ற இடத்தைப் பார்த்து நிரப்ப வழிவிட்டது.

இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ஜார்ஜ் ஸ்மித். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழில் கற்றவர். நுண்கோடுகளில் பழகிய கண் அவரை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தது. 1872-ல் பதினொன்றாம் பலகையில் பெருவெள்ளக் கதையைக் கண்டார். டிசம்பர் 3 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் அவர் அதை வாசித்தபோது பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனும் அவையில் இருந்தார். விடுபட்ட பகுதியைத் தேடி மறு ஆண்டே நினிவே போனார். சில நாட்களிலேயே வெள்ளக் கதையின் ஒரு துண்டும் கிடைத்தது. ஆனால் அது அத்ரஹாசிஸ் என்ற வேறொரு காவியத்தின் பகுதி என்பது பிற்பாடு தெரியவந்தது. கதை ஒத்துப்போவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஸ்மித் 1876-ல், முப்பத்தாறு வயதில், அலெப்போவில் நோயுற்று இறந்தார்.

பழைய பிரதிகள் கிடைக்கக் கிடைக்க, கதை வளர்ந்த விதமும் புலப்பட்டது. சுமேரிய மொழிப் பாடல்களில் என்கிடு பெரும்பாலும் அரசனின் பணியாள். கி.மு. 1800-ஐ ஒட்டிய அக்காடிய மொழி வடிவத்தில் அவன் நண்பன். அந்த ஒரு மாற்றம் இல்லையென்றால் அவன் சாவு அரசனைப் பாலைவனத்துக்குத் துரத்தியிருக்காது. சின்-லெகி-உன்னினி என்ற பழங்கால எழுத்தறிஞர் பெயரில் நாம் படிக்கும் காவியமும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

2011-ல் இராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் வாங்கிய ஒரு பலகையை ஆய்வாளர்கள் ஃபாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் படித்து 2014-ல் வெளியிட்டார்கள். ஐந்தாம் பலகைக்குச் சுமார் 20 புது வரிகள் வந்தன. தேவதாரு வனத்தில் குரங்குகள் கூவுகின்றன, சில்வண்டுகள் இரைகின்றன, ஹும்பாபா அந்த இசையை அரசனைப் போலக் கேட்டிருக்கிறான். மரங்களை வெட்டியபின் என்கிடு நண்பனிடம் காட்டைப் பாழாக்கிவிட்டோமே என்கிறான். அதுவரை வெறும் அரக்கனாக இருந்த ஹும்பாபாவை அதன்பின் அப்படிப் படிக்க முடியவில்லை.

இப்போது மனிதக் கண்ணுக்குத் துணையாகக் கணினியும் வந்துவிட்டது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் என்ரிக்கே ஹிமெனஸ் குழு ஆயிரக்கணக்கான துண்டுகளின் குறிகளை எழுத்துப்பெயர்த்துத் தரவுத்தளமாக்கியிருக்கிறது. ஒரு சில்லில் உள்ள குறிகளின் தொடரை நிரல் எடுத்து, தெரிந்த நூல்களின் தொடர்களோடு ஒப்பிடுகிறது. ஐந்தாறு குறிகள் மட்டும் மிஞ்சிய சில்லுக்கும் இடம் கிடைத்துவிடும் வாய்ப்பு உண்டு. 2022 நவம்பரில் இந்த முறை அடையாளம் கண்ட ஒரு துண்டு, கி.மு. 130-ஐச் சேர்ந்த பலகையின் பகுதி. கில்காமேஷ் காவியம் எழுதப்பட்டவற்றுள் தெரிந்தவரை கடைசிப் பலகை அது. பொருத்தம் சரிதானா என்று முடிவுசெய்வது இன்னமும் படிக்கத் தெரிந்த ஒருவரின் வேலை.

மிச்சமிருக்கும் இடைவெளிகளில் பெரிய ஒன்று ஏழாம் பலகையின் முடிவில் இருக்கிறது. என்கிடு படுத்த படுக்கையாகிறான். பன்னிரண்டாம் நாள் வரை நோய் முற்றுவதை வரிகள் எண்ணிக்கொண்டே வருகின்றன. போர்க்களத்தில் சாக முடியவில்லையே என்று நண்பனைக் கூப்பிட்டுப் புலம்புகிறான். அதன்பின் சுமார் 30 வரிகளைக் காணவில்லை. இந்தப் பகுதி எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை. காவியத்தில் வேறெங்கும் திரும்பச் சொல்லப்படவும் இல்லை. அதனால் நிரப்ப வழியில்லை. அந்த வரிகளைத் தாங்கிய துண்டு இராக்கில் இன்னும் தோண்டாத மேட்டில் இருக்கலாம், ஏற்கெனவே எண்ணிட்டு அடுக்கிய இழுப்பறைகளிலும் இருக்கலாம். இழுப்பறைகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.