பட்டாம்பூச்சிக்கு முதலில் இலை, பிறகுதான் பூ

நர்சரிக்கு வருகிறவர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: "பட்டாம்பூச்சி வர்ற மாதிரி ஒரு பூச்செடி குடுங்க." நான் பூவைக் காட்டுவதற்கு முன்னால் இலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். தேனுக்காக வரும் பட்டாம்பூச்சி குடித்துவிட்டுப் பறந்துவிடும். அது முட்டை வைத்து, அடுத்த தலைமுறையும் உங்கள் தோட்டத்திலேயே பிறக்க வேண்டுமானால், அதன் புழு தின்னும் இலை அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு இனத்தின் புழுவும் தனக்கென்று உள்ள சில செடிகளை மட்டுமே தின்னும். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கு மலைக்காட்டு நீரடிமுத்து மரத்தின் இலை வேண்டும். எவ்வளவு பூ வைத்தாலும் அது நம் மொட்டைமாடிக்குக் குடிவராது.

சமவெளியில், வெயில் காயும் இடத்தில், ஆள் உயரம் வளர்ந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி வேண்டுமென்றால் ஆவாரையையும் எருக்கையும் சொல்வேன். இரண்டையும் விதையிலிருந்தே வளர்க்கச் சொல்கிறேன். தொழிலில் இருப்பதால் இதைத் திறந்தே சொல்ல வேண்டும்: கடையில் பளபளவென்று நிற்கும் செடிக்குப் பல நேரங்களில் மருந்து அடித்திருப்பார்கள். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடிக்குள் ஊடுருவி இலையிலும் தேனிலும் தங்கிவிடும். அந்த இலையைத் தின்னும் புழு சாகும். சாலையோரத்து நெற்றிலிருந்து நீங்களே முளைக்க வைத்த செடியில் அந்தப் பயம் இல்லை, காசும் இல்லை.

ஆவாரை நெற்று காய்ந்து பழுப்பாகித் தட்டையாகத் தொங்கும்போது பறியுங்கள். விதையின் தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறியதும் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியதை விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். எனவே பட்டாம்பூச்சி அதில் குடிக்க வராது. வெளிர்நிறச் சிறகுடைய ஒரு வகை முட்டையிடத்தான் வரும். தளிர் இலையில் குத்தி நிறுத்திய நொய்யரிசி போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது முட்டை. புழு பச்சை நிறம், நடு நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். பழகாத கண்ணுக்கு எளிதில் படாது.

எருக்கைச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். வீட்டில் வைத்தால் ஆகாது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை சாத்துகிற நாம் இந்தச் செடியை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம் ஊரில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு முக்கியமான உணவுச்செடி இது. காய் வெடிக்கத் தொடங்கும்போதே பறித்துவிடுங்கள். உள்ளே பஞ்சு விரியும் முன் விதைகள் அடுக்கடுக்காகக் கையோடு வரும். ஒரு நாள் தாமதித்தால் காற்று கொண்டுபோய்விடும். மணல் அதிகம் கலந்த மண்ணில் மேலோட்டமாக விதைத்து, ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும் என்பதால் உயரமான நாற்றுப்பை தேவை. வேர் சுருளும் முன் நட்டுவிட வேண்டும். தொட்டியில் என்றால் 20 லிட்டர் பெயின்ட் வாளியாவது வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவில் வெட்டிவிட்டால் தளிர் கிளம்பும்.

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் புழு தெரியும். தின்னத் தொடங்குமுன் அது நரம்பைக் கடித்து, பால் வரும் வழியை அறுத்துவிடுகிறது. அந்தப் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் இந்த இனத்தைத் தின்னத் தயங்குகின்றன. ஒரே செடி வைத்தால் மொட்டையாகிவிடும். மூன்று நான்கு வையுங்கள். மொட்டையானாலும் துளிர்த்துக்கொள்ளும். ஓட்டை விழுந்த இலையைப் பார்த்து, "செடிக்கு நோய் வந்துடுச்சு" என்று படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது, அந்தப் புழுவை விட்டுவிடுங்கள் என்பது மட்டும்தான்.

வேப்ப எண்ணெயும் வேண்டாம். இயற்கை மருந்துதானே என்று தெளிக்கிறார்கள்; அதுவும் புழுவின் தீனியையும் வளர்ச்சியையும் கெடுக்கும். எருக்கில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான மஞ்சள் அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும், மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். முதலில் வலி தெரியாமல் போகலாம், பார்வை மட்டும் மங்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள், பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இடமிருந்தால் கிலுகிலுப்பைச் செடியையும் விதையுங்கள். அதன் விதையையும் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். இது ஓரிரு ஆண்டுதான் நிற்கும், ஆனால் தானே விதை சிந்தி மறுபடி வரும். ஆடு மாடு மேயும் இடமென்றால் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் ஈரலுக்குக் கேடு. செடி காய்ந்ததும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த இலையிலும் நெற்றிலும் மொய்த்து, அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் மணத்தை அதைக்கொண்டுதான் தயாரிக்கின்றன.

கோடையில் நெற்று சேர்த்து, ஆடியில் பையில் விதைத்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். நட்ட பிறகு முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.