அப்பா கட்டடத்தின் வாடகையைக் கண்டுபிடிக்க டிடெக்டிவ் எதற்கு?

பாகப்பிரிவினை வழக்குக்காக வரும் கட்சிக்காரர்களில் பலர் இப்போது கேட்கும் கேள்வி: "சார், ஒரு டிடெக்டிவ் வெச்சுப் பார்க்கலாமா?" ஆளைத் தேடுவதற்கு என்றால் வைக்கலாம். கட்டடத்துக்குள் அனுப்புவதற்கு என்றால் வேண்டாம். ஏன் என்று ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய கட்டடம். கீழே கடைகள், மேலே வீடுகள். மகன் அங்கேயே இருந்து வாடகை வசூலிக்கிறார். வெளியூரில் இருக்கும் தங்கைக்கு அவர் காட்டும் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஒரு துப்பறியும் நிறுவனத்திடம் போனார். அவர்கள் அனுப்பிய பையன் முதலில் வீடு வாடகைக்குக் கேட்பவன் போல வந்து போனான். அதுவரை பெரிய பாதகமில்லை. மறுபடி வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். சொத்து வரி மறு அளவீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லி, வீடு வீடாக "வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு" என்று எழுத ஆரம்பித்தான். மாடியில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு அம்மாவுக்குச் சந்தேகம் வந்து அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணனின் ஆட்கள் அவனைப் பிடித்து, ஒரு காலிக் கடையில் தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டு, சாயங்காலம்தான் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

அரசு ஊழியர் போல நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 204ஆவது பிரிவின்படி குற்றம்; குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதச் சிறை. "யார் அனுப்பியது?" என்று கேட்டதும் நிறுவனம் தயங்காமல் தங்கையின் வாட்ஸப்பை எடுத்துக் கொடுத்துவிட்டது. "எப்படியாவது உள்ளே போய் ரெண்ட் எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று எழுதியிருந்தார். அந்த "எப்படியாவது" ஒரு வார்த்தையை வைத்தே, குற்றத்துக்குத் தூண்டியவர் என்று அவரையும் வழக்கில் சேர்க்க முடியுமா என்று ஸ்டேஷனில் பேச்சு ஓடியது. இன்னொரு பக்கம், அடைத்து வைத்ததற்காக அதே சட்டத்தின் 127ஆவது பிரிவில் அண்ணன் மீது பையன் புகார் கொடுத்தான். சமரசத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒரு சிவில் தகராறிலிருந்து இரண்டு கிரிமினல் புகார்கள் கிளம்பின. அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

இத்தனைக்கும் அந்தத் தங்கைக்கு டிடெக்டிவே தேவையில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜித சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அவர் அந்தக் கட்டடத்தின் கூட்டு உரிமையாளர். படியேறிப் போக அண்ணனின் அனுமதி வேண்டியதில்லை. குடியிருப்பவரின் வீட்டுக்குள் மட்டும், அவர் அழைக்காமல் உரிமையாளரே ஆனாலும் நுழையக் கூடாது. பாகப்பிரிவினை வழக்கிலேயே வாடகைக்குக் கணக்கு கேட்கலாம். வாடகை ஒப்பந்தங்களைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போடலாம், வங்கிக்குச் சம்மன் அனுப்பிக் கணக்கு விவரங்களை வரவழைக்கலாம், குடியிருப்பவர்களையே சாட்சியாகக் கூப்பிடலாம். கட்டடத்தில் எத்தனை கடைகள், புதிதாக எழுப்பிய சுவர் எது என்று பதிவு செய்ய உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் ஆர்டர் 26 ரூல் 9இல் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) கேட்கலாம். (யார் சுவாதீனத்தில் இருக்கிறார் என்று சாட்சியம் திரட்டிக் கொடுப்பதற்குக் கமிஷனரைக் கேட்டால் கோர்ட் பொதுவாகத் தள்ளிவிடும்.) அண்ணன் ரகசியமாகத் தன் பேருக்கு ஏதாவது பத்திரம் போட்டிருக்கிறாரா என்பதற்கு வில்லங்கச் சான்று இருக்கிறது, ஆன்லைனிலேயே எடுக்கலாம். இதையே "ரகசிய விசாரணை" என்று அறிக்கையில் ஒட்டிக் காசு வாங்கும் நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன்.

"அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறியும் நிறுவனம்" என்ற போர்டை நம்பி ஏமாற வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்கானது. துப்பறிவாளர்களுக்கு உரிமம் வழங்க 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே போர்டில் இருப்பது பெரும்பாலும் கம்பெனிப் பதிவோ ஜிஎஸ்டி எண்ணோதான்.

"எப்படிக் கிடைச்சா என்ன சார், கோர்ட் எடுத்துக்கும்ல?" என்பார்கள். பாதி உண்மை. முறைகேடாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக, வழக்குக்குத் தொடர்புடைய சாட்சியத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் சாட்சியம் ஏற்கப்பட்டாலும் அதை எடுத்த விதம் குற்றம் என்றால் அந்தக் குற்றம் அப்படியே நிற்கும். அடுத்தவரின் போன் அழைப்புப் பட்டியலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2018இல் மகாராஷ்டிராவின் தாணேயில் இப்படி அழைப்பு விவரங்களை விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் கைதானார்கள்.

அப்புறம் அந்த அறிக்கை. "நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து அறிய வருகிறது" என்று பத்துப் பக்கம் இருக்கும். பார்த்தவர் கூண்டேறிச் சொல்லாத வரை அது வெறும் காகிதம். பார்த்தவரோ அந்த வேலையை விட்டே போயிருப்பார், வந்தாலும், "எவ்வளவு கூலி வாங்கினீர்கள்?" என்பதுதான் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக இருக்கும். போட்டோவும் வீடியோவும் என்றால் பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவின்படி, எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்ற சான்றிதழ் வேண்டும். இன்னொன்று: வக்கீலிடம் நீங்கள் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. டிடெக்டிவிடம் சொல்வதற்குக் கிடையாது.

சரி, எதற்குத்தான் அவர்கள் பயன்படுவார்கள்? ஆளைத் தேட. உயிலை நிரூபிக்க, அதில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவரையாவது, உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால், கோர்ட்டில் விசாரித்தாக வேண்டும். உயில் எழுதி இருபது வருஷம் கழித்து அந்தச் சாட்சி எங்கே இருக்கிறார்? பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர். அதேபோல, சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன சித்தப்பா மகனையும் சேர்க்காமல் போட்ட பாகப்பிரிவினை வழக்கு, தேவையான தரப்பினர் இல்லை என்று விழுந்துவிடலாம். பழைய முகவரி, பழைய முதலாளி, உறவினர் என்று விசாரித்து ஒருவரைக் கண்டுபிடிப்பதில் சில துப்பறிவாளர்கள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். எந்தச் சட்டத்தையும் மீறாமல் செய்யக்கூடிய வேலை அது.

அப்படி வைப்பதாக இருந்தால் வக்கீல் மூலமாக, எழுத்தில் வையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்: ஆள்மாறாட்டம், அத்துமீறி நுழைவது, போன், வங்கி விவரம். களத்துக்குப் போகும் ஆளின் பெயர், தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வார் என்ற உறுதி, எதிர்த்தரப்பிடம் வேலை வாங்கியிருக்கவில்லை என்ற அறிவிப்பு, இவை மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் அந்த அண்ணன் இடத்தில் இருந்து, கட்டடத்தில் ஒருவன் வேவு பார்ப்பது தெரிந்தால், அடிக்காதீர்கள், அடைத்து வைக்காதீர்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அதைப் போட்டோ எடுங்கள், உடனே 100க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.