கடப்பாட்டுச் சாட்சி: சொல் விளக்கம்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் 'கொம்பெலபிள் விட்னஸ்' என்று குறிப்பிடுவது, அழைப்பாணை கிடைத்தால் வந்தே ஆகவேண்டிய, கேட்ட கேள்விக்கு விடையளித்தே ஆகவேண்டிய சாட்சியை. கணவனுக்கெதிராகப் பொலிஸில் முறைப்பாடு செய்த மனைவி, பிறகு உறவினர் சமாதானம் பேசியதால் "எனக்கு வழக்கு வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் இந்தச் சொல் பெரும்பாலும் நம்மவர் காதில் விழுகிறது.

இதன் வேர் 'கொம்பெல்லெரே' என்ற லத்தீன் வினை. மந்தையை ஒருசேர ஓட்டிச் செல்வது அதன் முதற்பொருள். நம் 'சாட்சி' வடமொழியிலிருந்து வந்தது. கண்ணால் கண்டவர் என்பது அதன் உட்பொருள். அதற்குரிய பழந்தமிழ்ச் சொல் 'கரி'. 25ஆவது குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வள்ளுவர் ஆள்வது இதையே.

சட்டத்தில் தகுதியும் கடப்பாடும் வெவ்வேறானவை. சாட்சியமளிக்க அனுமதிக்கப்படுபவர் தகுதியுள்ள சாட்சி. மறுக்க முடியாதவர் கடப்பாடும் உடையவர். கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்று கருதிய பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம், ஒருவருக்கெதிராக மற்றவரைக் கூண்டில் ஏற்றத் தயங்கியது. தன்னைக் கத்தியால் குத்தியவனை விசாரணைக்கு 2 நாட்களுக்கு முன் மணந்துகொண்ட ஒரு பெண்ணைச் சாட்சியமளிக்கும்படி நிர்ப்பந்திக்க முடியாது என்று அப்போது இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1978இல் தீர்ப்பளித்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு அந்நிலையை மாற்றியது. இலங்கையிலோ, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, வாழ்க்கைத் துணைக்கு உடற்காயமோ வன்முறையோ இழைத்ததாகத் தொடரப்படும் குற்றவியல் வழக்கில், பாதிக்கப்பட்ட துணை வழக்குத் தொடுநர் தரப்பில் தகுதியும் கடப்பாடும் கொண்ட சாட்சி என்று கூறுகிறது. திருமண காலத்தில் இருவரும் பேசிக்கொண்டவற்றுக்கு 122ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும், ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்றம் பற்றிய வழக்கில் விலகிவிடும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோருவது வேறு வழி. அது குடியியல் நிவாரணம்.

தமிழில் இதைக் 'கட்டாயச் சாட்சி' என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. கட்டாயக் கல்வி என்ற நல்ல வழக்கு இருந்தாலும், கட்டாயத் திருமணம், கட்டாய ஆட்சேர்ப்பு ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, வீட்டில் பட்ட பலவந்தம் நீதிமன்றத்திலும் தொடர்கிறது என்றே அது ஒலிக்கும். பொலிஸார் சொல்லித்தருவதை ஒப்புவிக்க வேண்டுமோ என்றும் அவர் அஞ்சக்கூடும். வந்து உண்மையைக் கூறும்படி மட்டுமே சட்டம் பணிக்கிறது, எதைக் கூறுவதென்று அது பணிப்பதில்லை. 'கட்டாயப்படுத்தத்தக்க சாட்சி' பொருளில் பிழையற்றது, ஆயினும் வாய்க்கு எளிதன்று. 'கடப்பாட்டுச் சாட்சி' நீதிமன்றத்துக்கும் சாட்சிக்கும் இடையிலான கடமையை நேராகச் சொல்வதால் அதையே பரிந்துரைக்கிறேன். சிங்களத்தில் நடக்கும் விசாரணையை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பின்தொடரும் பெண்ணிடம், "உங்களுக்குச் சாட்சி சொல்லும் கடப்பாடு இருக்கிறது, அம்மா, உங்களை யாரும் மிரட்டினால் அதுவே தனிக் குற்றம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பாதுகாப்பு இப்போது, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது.